ஏழாவது மணியின் உட்புறம்

இந்தக் கதையில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

சீன தேசத்தில், தலைநகரத்திலிருந்து பதினோரு நாள் வண்டிப் பயணத்தில், ஆற்றங்கரையில் ஒரு மணி வார்க்கும் பட்டறை இருந்தது. பகல் மிகவும் குறுகிப்போகும் குளிர்கால நாளில் சக்கரவர்த்தி வானத்துக்குப் பூசை செய்வார். அப்போது அடிக்கிற மணிகள் அங்கேதான் பிறக்கும். பதினாறு மணி ஒரு கோவை.

அந்தப் பட்டறையில் தும்முவதற்குக்கூடப் பயப்படுவார்கள். ஒருவன் தும்மினால் சட்டத்தில் தொங்குகிற பதினாறில் ஏதோ ஒன்று ‘ம்ம்’ என்று பதில் சொல்லும். இருமினால் வேறொன்று. அதனால் சமையல்காரன் மிளகாயை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வறுத்து எடுத்து வருவான்.

மணிகளைப் பார்த்தால் கண் கூசும். எல்லாவற்றுக்கும் பொன் முலாம். உடம்பெல்லாம் மேகம், மேகத்துக்குள் முத்தைத் துரத்தும் டிராகன், நெற்றியில் அந்த மணியின் சுருதிப் பெயர். உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைத் தலை டிராகன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மணியைத் தொங்கவிடும் வளையமும் அதுதான்.

வெளியே பார்த்தால் பதினாறும் ஒரே அச்சு. உயரம் ஒன்று, சுற்றளவு ஒன்று. வித்தியாசமெல்லாம் உள்ளே. சுவர் கனமாக இருந்தால் மணி மேல் சுருதி பேசும். மெலிந்தால் கீழ்ச் சுருதி பேசும். வார்த்து எடுத்த பிறகு உள்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டித்தான் சுருதியை இறக்குவார்கள். சுரண்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. சுருதி சேர்த்தவர் தன் பெயரை மணியின் உள்பக்கத்தில் உளியால் வெட்ட வேண்டும். அரண்மனை விதி. பெயர் வெட்டினாலும் உலோகம் குறையும் அல்லவா? அதனால் கைதேர்ந்தவர்கள் சுருதியை ஒரு மயிரிழை மேலேயே நிறுத்திவிடுவார்கள். கடைசி எழுத்தை வெட்டி முடிக்கும்போது மணி தன் இடத்தில் வந்து உட்காரும்.

பெயர் புகழுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மணி பிசகினால் யாருடைய கழுத்து என்று தேடி அலையக் கூடாதல்லவா, அதற்காக.

பட்டறைக்குத் தலைவி ஷூ யின். வயது முப்பத்தாறு. அவளுடைய சீடர் துங் ஹெங். வயது அறுபத்தொன்று. நான் மாற்றிச் சொல்லிவிடவில்லை, சீடருக்குத்தான் அறுபத்தொன்று.

ஹெங் முப்பத்தைந்து வருடம் மெழுகில் டிராகன் செய்தவர். அவர் செய்த டிராகனின் மீசையில் ஈ உட்கார்ந்தால் மீசை அசையும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. கண் மங்கிய பிறகு மீசைகள் கோணிக்கொண்டு போயின. “கண் போனால் என்ன, காது இருக்கிறதே” என்று ஷூ யின் அவரைத் தன்னிடம் அழைத்துச் சுருதி வேலை கற்றுக்கொடுத்தாள். மூன்று வருடப் பாடத்துக்குப் பிறகு, இந்தக் கோவையில் ஏழாவது மணி அவருடையது.

ஏழாவது மணியின் உள்ளே ‘துங் ஹெங்’ என்று இரண்டு சீன எழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பெயர் உலோகத்தில் ஏறியது.

டிராகன் செய்தவனை யாரும் தேடி வருவதில்லை. சுருதி சேர்த்தவனைத் தேடி வருவார்கள். ஹெங் அதைக் கண்ணால் பார்த்தவர்.

பட்டறையின் கிழக்கு ஜன்னலில் ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. இருபத்தாறு வருடமாக அதே இடத்தில் இருந்தது. ஷூ யின்னின் அப்பா குடித்த கோப்பை. அவர் கடைசியாக அதில் குடித்த நாளில் அரண்மனைச் சோதனை அதிகாரி காவ் வந்திருந்தார். ஒவ்வொரு மணிக்கும் உரிய சுருதியைச் சொல்லும் பச்சைக்கல் குழலை ஊதினார். பதினோராவது மணியை அடித்தார். மறுபடி ஊதினார். மணிக்குள் கைவிட்டுத் தடவி, பெயரைப் படித்தார். அவ்வளவுதான். இரண்டு சிப்பாய்கள் தோளைத் தொட்டார்கள். ஷூ யின்னின் அப்பா பாதி குடித்த கோப்பையை ஜன்னலில் வைத்தார்.

“வந்து குடிக்கிறேன்” என்றார்.

அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுத்தவர் ஹெங். அப்போது ஷூ யின்னுக்குப் பத்து வயது.

கோப்பையை யாரும் கழுவவில்லை. யாரும் தொடவில்லை. ஜன்னலைத் துடைப்பவர்கள் அதைச் சுற்றித் துடைத்தார்கள்.

கோவை முடிந்தது. ‘நாளை மறுநாள் காவ் வருகிறார்’ என்று சேதி வந்தது. அதே காவ். இப்போது எழுபது வயது. காது மட்டும் இருபது வயது என்று சேதி கொண்டுவந்தவன் சொல்லிவிட்டுப் போனான்.

உலைக்காரன் பான் சந்தோஷமான ஆள். புருவம் இரண்டையும் உலைக்குக் கொடுத்தவன். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

“தாத்தா, சட்டைக் கழுத்தை இறக்கித் தைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவனுக்குச் சிரமம் இருக்காது.”

“உன் வேலையைப் பாரடா.”

“என் வேலை நெருப்பு. நெருப்பில் யாரும் பெயர் எழுதுவதில்லை. நீங்கள்தான் ஆசைப்பட்டு எழுதிக்கொண்டீர்கள்.”

“ஆசைப்படவில்லை. விதி.”

“இரண்டே எழுத்து. காவ் ஐயாவுக்குப் படிக்க நேரமே ஆகாது. சின்னப் பெயரில் அதுதான் கஷ்டம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெங்கும் சிரித்தார். சிரித்த பிறகு வாய் மூடவில்லை. தாடை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க அவர் ஏழாவது மணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நகத்தால் சுண்டினார். சரியாக இருந்தது. பத்து அடி தள்ளிப்போய்க் கேட்டார். சரியாக இருந்தது. கோடி முறை கேட்டால் எந்தச் சரியும் தப்பு மாதிரி ஒலிக்க ஆரம்பித்துவிடும். அவருக்கு அப்படி ஆயிற்று.

மறுநாள் நடுப்பகல். ஆற்றங்கரை வெயிலில் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். ஹெங் போகவில்லை.

ஏழாவது மணிக்குள் கையை விட்டார். விரலில் தன் பெயர் தட்டியது. உலோகம் பனிக்கட்டி மாதிரிக் கிடந்தது. பெயர் மட்டும் சுட்டது.

அவர் யோசித்தது இதுதான். மணி சரியாக இருந்தால் உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? பிசகியிருந்தால்தான் பார்ப்பார்கள். பார்க்கும்போது பெயர் இல்லாமல் இருந்தால்?

சுரண்டியை எடுத்தார்.

பெயரின் ஆழம் ஒரு நெல் உமியின் கனம். ஆனால் பள்ளத்தைச் சுரண்டினால் பள்ளம் போகாது. சுற்றியுள்ள மேட்டை எல்லாம் இறக்க வேண்டும். இறக்கினார். மஞ்சள் தூள் முழங்கால் மேல் உதிர்ந்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து மணிக்குள் சொட்டியது. கடைசியில் விரலை விட்டுத் தடவினார். வழவழவென்று இருந்தது. யாருமே இல்லை.

பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதியில், பழக்கம் பாருங்கள், நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார்.

மணி இறங்கியிருந்தது.

ஒரு மயிரிழைதான். வழிப்போக்கனுக்குத் தெரியாது. காவின் காதுக்கு அது கிணறு.

ஹெங் அப்படியே உட்கார்ந்தார். மூன்று வருடம் சுருதி கற்றவர். சுரண்டினால் இறங்கும் என்பது அங்கே முதல் நாள் பாடம். பெயரை எடுக்கிற நேரத்தில் அவர் கையில் இருந்தது மணி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பிறகுதான் விதியின் மறுபாதி ஞாபகம் வந்தது. பெயர் இல்லாத மணி பிசகினால், கழுத்து பட்டறைத் தலைவருடையது.

ஷூ யின் கொல்லையில் தன் சுரண்டிகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெங் அவள் எதிரே வந்து நின்றார்.

“அம்மா.”

“சாப்பிட்டீர்களா, பெரியவரே?”

“பசி இல்லை.”

“சொல்லுங்கள்.”

“பயத்தைப் போக்கிக்கொள்ள வழி உண்டா?”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பார்த்தாள். மஞ்சள் தூள் வெயிலில் மினுங்கியது. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள்.

“உட்காருங்கள். மணி உச்சியில் இருக்கிற டிராகன் யார்?”

“என்னிடம் கேட்கிறீர்களே. முப்பத்தைந்து வருடம் செய்தவன் நான்.”

“யார்?”

“பூலாவோ. டிராகன் ராஜாவின் பிள்ளைகளில் ஒருவன். கடற்கரையில் இருப்பவன். திமிங்கலத்தைக் கண்டால் பயந்து அலறுவான். அதனால்தான் அவனை மணி மேல் வைக்கிறோம். பெரிய மணி அடிக்கிற தண்டைத் திமிங்கலம் மாதிரிச் செதுக்குகிறோம்.”

“திமிங்கலம் வந்து மோதிய பிறகு அலறுவானா, வருவதைக் கண்டதும் அலறுவானா?”

“கண்டதும்தான்.”

“ஒரு சக்கரவர்த்திக்கு அது பிடிக்கவில்லை” என்றாள் ஷூ யின்.

“எந்தச் சக்கரவர்த்தி?”

“பெயர் சொன்னால் இன்றைக்கும் ஆபத்து. ஒரு சக்கரவர்த்தி. அவர் புதிய பெரிய மணியைப் பார்க்க வந்தார். ‘இந்த டிராகன் ஏன் வாயைப் பிளந்து கண்ணைப் பிதுக்குகிறது?’ என்றார். ‘பயம், மகாராஜா’ என்றார்கள். ‘டிராகன் என்பது நான். நான் பயப்படுகிறேனா?’ என்று கேட்டார். ‘தைரியமான டிராகன் செய்யுங்கள்’ என்றார்.”

“செய்தார்களா?”

“செய்யாமல்? வாய் மூடிய டிராகன். கண் பாதி திறந்து, உதட்டில் ஒரு சிரிப்பு. யானை உயரம் மணி. நாற்பது பேர் திமிங்கலத் தண்டை இழுத்து விட்டார்கள்.”

“பிறகு?”

“டொக்.”

“என்ன?”

“டொக். சுரைக்காயைத் தட்டின மாதிரி. மறுபடி இழுத்து விட்டார்கள். டொக். எண்பது பேர் இழுத்தார்கள். திமிங்கலத்தின் மூக்கு உடைந்தது. டிராகன் சிரித்துக்கொண்டே இருந்தது. ஏழு நாள் அடித்தார்கள். பக்கத்துத் தெருவில் தூங்கின குழந்தைகூட எழுந்திருக்கவில்லை.”

“பிறகு என்ன ஆயிற்று?”

“மணியைக் கவிழ்த்து அதற்குள் கோழி அடைத்தார்கள்.”

ஹெங் எழுந்து நின்றார்.

“நான் பயத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் கோழியைப் பற்றிச் சொல்கிறீர்கள்.”

“நன்றாக முட்டையிட்டதாகக் கேள்வி” என்றாள் அவள். சுரண்டியைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள்.

ஹெங்கின் வாய் திறந்தது. ‘அம்மா, ஏழாவது மணி’ என்பது நாக்கு வரை வந்தது. அப்போது பான் விறகுக் கட்டோடு கொல்லைக்குள் நுழைந்தான்.

“என்ன தாத்தா, தொண்டையில் முள்ளா?”

வாய் மூடிக்கொண்டது.

காவ் வருகிற நாள் விடிந்தது. பனியில் சாலை வெள்ளையாகக் கிடந்தது. சோதனைக்கு முன் பட்டறைத் தலைவர் ஒவ்வொரு மணிக்குள்ளும் கைவிட்டுப் பெயரைத் தடவிப் பார்க்க வேண்டும். அது அவள் அப்பா காலத்துப் பழக்கம்; சுரண்டும்போது ஹெங்குக்கு அதுவும் மறந்துபோயிருந்தது. ஷூ யின் முதல் மணியில் ஆரம்பித்தாள். அவள் கை உள்ளே போகும், ஒரு நொடி நிற்கும், வெளியே வரும்.

ஹெங் தூணோரம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது. ஐந்தாவது. ஆறாவது.

ஏழாவதில் போன கை வெளியே வரவில்லை.

நீண்ட நேரம் அவள் அப்படியே நின்றாள். மணிக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி. பிறகு கையை எடுத்து, அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

“பெரியவரே, எவ்வளவு இறங்கியிருக்கிறது?”

ஹெங் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“ஒரு மயிரிழை. கொஞ்சம் கூடவே இருக்கும்.”

“முன்பு சரியாகத்தானே இருந்தது?”

“சரியாகத்தான் இருந்தது.”

அவள் தலையசைத்தாள்.

“இப்போதே பெயரை வெட்டிவிடுகிறேன், அம்மா. உளி இருக்கிறது. இரண்டே எழுத்து.”

“வெட்டினால்?”

அவர் உளியைப் பார்த்தார். “இன்னும் இறங்கும்.”

“அப்படியென்றால் உலோகத்தில் உங்கள் பெயருக்கு இடமில்லை.”

“வேறு மணி வார்க்கலாம்...”

“நாற்பது நாள்.”

தூரத்தில், ஆற்று வளைவில், வண்டிச் சக்கரம் பனியை நொறுக்குகிற சத்தம் கேட்டது.

“ஏன் என்னைத் திட்டவில்லை?”

“திட்ட நேரமில்லை. தேநீர் போட நேரம் இருக்கிறது.”

அவள் கிழக்கு ஜன்னலுக்குப் போனாள். கோப்பையை எடுத்தாள். துணி படாத இடத்தில் இருபத்தாறு வருடத் தூசி ஒரு வட்டமாக மிச்சமிருந்தது. பான் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான். பதினாறு மணியும் சேர்ந்து முனகின. யாரும் அவனைத் திட்டவில்லை.

அவள் கோப்பையைக் கழுவினாள். காய்ந்த கறை போக மணலிட்டுத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றினாள். தேயிலை விரிகிற வரை காத்திருந்தாள். அப்புறம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மணிச் சட்டத்துக்குப் பக்கத்தில், தன் அப்பா அன்று உட்கார்ந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்தக் கோப்பை வேண்டாம்.”

“வந்து குடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு நாள் வைத்திருந்தாயிற்று.”

ஹெங் கோப்பையைப் பார்த்தார். தேநீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் ஒன்றுமில்லை. தேநீர் மட்டும் நடுங்கியது.

“உங்களுக்கும் பயமா?”

“கோப்பையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்” என்றாள்.

கதவு திறந்தது. காவ் உள்ளே வந்தார். பின்னால் நான்கு சிப்பாய்கள். கிழவர் மெலிந்திருந்தார். பச்சைக்கல் குழலைப் பட்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார், குழந்தையைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிற மாதிரி. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. குழலைப் பிரித்தார். மரச் சுத்தியலை வாங்கினார்.

ஊதினார். முதல் மணியை அடித்தார். இரண்டு ஒலியும் ஒன்றின் மேல் ஒன்று படுத்தன. கேட்டுவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவது. மூன்றாவது.

ஒவ்வொரு மணிக்கும் நடுவில் இருந்த அமைதிதான் பெரிதாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு சிப்பாயின் வயிறு உறுமியது கேட்டது. நான்காவது. ஐந்தாவது. பானின் கண் இமைக்கவில்லை. அவனுக்கு என்ன தெரியும், ஏது தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கோப்பையைப் பார்த்தவன் எதையோ புரிந்துகொண்டிருந்தான்.

ஆறாவது.

ஷூ யின் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தாள். பாதி மிச்சம் வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

காவ் ஏழாவதன் முன் வந்து நின்றார். குழலை ஊதினார். சுத்தியலை உயர்த்தினார்.

ஹெங்கின் கண் மணியின் உச்சிக்குப் போயிற்று. அங்கே, கண் மங்கிய பிறகும் இந்த மணிக்கென்று அவர் கையால் செய்த கடைசி டிராகன் உட்கார்ந்திருந்தது. கோணல் மீசை. பிதுங்கிய கண். உள்நாக்கு தெரியப் பிளந்த வாய். முப்பத்தைந்து வருடம் அந்த அலறலை மெழுகில் செய்திருக்கிறார். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

இப்போது கேட்டார். தன் வாயிலிருந்து வந்தது.

“ஏழாவது என்னுடையது! துங் ஹெங்! பெயரைச் சுரண்டினது நான்! சுருதி போனது என்னால்! துங் ஹெங்!”

ஆற்றில் இருந்த வாத்துகள் அத்தனையும் எழுந்து பறந்தன. அக்கரையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த சமையல்காரன் சட்டியைக் கவிழ்த்தான். சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அடி விழவில்லை. அடி விழாமலே ஏழாவது மணி பேசியது. மற்ற பதினைந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க, அது ஒன்று மட்டும் ‘ம்ம்ம்’ என்று, தன் கீழிறங்கின சுருதியில், எல்லோர் காதிலும் விழும்படி பேசியது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

காவ் மெதுவாகக் குழலை ஊதினார். மணியின் ரீங்காரம் அடங்கும் முன் ஒத்துப் பார்த்தார்.

“ஒரு மயிரிழை கீழே” என்றார். “கொஞ்சம் கூடவே.”

சிப்பாய்கள் ஹெங்கின் இரண்டு தோளையும் தொட்டார்கள்.

“பொறுங்கள்” என்றார் காவ். இடுப்புப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். “பெயருள்ள மணி பிசகினால், பெயருக்குரியவன். பெயரில்லாத மணி பிசகினால், பட்டறைத் தலைவர்.” இன்னும் புரட்டினார். “அடிப்பதற்கு முன்பே ஒருவன் கத்திவிட்டால்...”

பக்கங்கள் தீர்ந்துபோயின. அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

“இதற்கு விதி இல்லை. இதுவரை யாரும் கத்தினதில்லை.”

“கொண்டுபோகலாமா, ஐயா?” என்றான் ஒரு சிப்பாய்.

“விதி இல்லாமல் ஒரு தலையை எடுத்தால் அடுத்து யாருடையது தெரியுமா? வாயை மூடு.” கிழவர் புத்தகத்தை மூடினார். மூடிய பிறகும் ஒருமுறை திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி நின்றார்கள்.

“தலைநகரத்துக்கு எழுதிக் கேட்கிறேன். இந்த வருடப் பூசைக்குப் பழைய கோவை போகட்டும். ஏழாவதை உருக்கி மறுபடி வாருங்கள். பதில் வரும்வரை இவர் இங்கேயே இருக்கட்டும்.”

“எப்போது வரும்?” என்று கேட்டாள் ஷூ யின்.

“இருபத்திரண்டு நாளில் வரலாம். இருபத்திரண்டு மாதத்தில் வரலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.”

“என்ன என்று வரும்?”

காவ் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தார். குழலைப் பட்டில் சுற்றினார். போகிற போக்கில் அவள் கையில் இருந்த கோப்பையைப் பார்த்து நின்றார்.

“இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.”

“அந்த ஜன்னலில்” என்றாள் அவள். “தேநீர் சாப்பிடுகிறீர்களா?”

கிழவர் ஜன்னலைப் பார்த்தார். தூசி வட்டத்தைப் பார்த்தார். மீதிச் சோதனையை முடிக்காமலே வெளியே போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஏழாவது மணி உலைக்குள் போனது. பான் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. நெருப்பை மட்டும் ஊதினான்.

ஹெங் மெழுகில் புதிய டிராகன் செய்தார். கண்ணால் செய்ய முடியவில்லை. தன் வாயைத் திறந்து, விரலால் தாடையைத் தடவித் தடவி அந்த அளவில் செய்தார். மண் அச்சு காய்ந்தது. மெழுகு உருகி ஓடியது. வெண்கலம் ஊற்றினார்கள்.

சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போகும். மீன் வண்டி, வைக்கோல் வண்டி, யாரோ கல்யாணத்துக்குப் போகிற வண்டி. ஒரு நாளைக்கு முப்பது தடவை போகும். கழுத்தில் தடம் விழுந்துவிட்டது என்பான் பான். அவன் வாய் திரும்ப வந்திருந்தது.

நாற்பதாம் நாள் அச்சை உடைத்தார்கள். புதிய மணியைத் துடைத்து மேசைக்கு மேலே தொங்கவிட்டார்கள். முலாம் பூசாத வெண்கலம். ஹெங் சுண்டிப் பார்த்தார். மிக உயரத்தில், கன்னுக்குட்டி மாதிரிக் கத்தியது. இறக்க வேண்டிய தூரம் நிறைய இருந்தது; ஒரு பெயருக்கும் இடம் இருந்தது.

“அம்மா.”

“சொல்லுங்கள்.”

“பயம் போகவில்லை.”

ஷூ யின் மேசைப் பக்கம் வந்தாள். மேசையில் இருந்த சுரண்டிகளை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளினாள். உளியை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

“இது எதற்கு? முதலில் சுருதி சேர்க்க வேண்டும். பெயர் கடைசியில் அல்லவா?”

ஆற்று வளைவில் ஒரு வண்டி திரும்பியது. வேகமாக வந்தது. மீன் வண்டிக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஹெங்கின் கை கழுத்துக்குப் போயிற்று.

“அது யாருடைய வண்டி, அம்மா?”

“தெரியாது” என்றாள் ஷூ யின். “முதலில் பெயரை வெட்டுங்கள்.”